நெல் போகும் வழியில் எலியும் இருளரும்

தை மாதம், ஓமந்தூர்ப் பக்கம் அறுப்பு முடிந்த ஒரு கழனி. இருளர் பெரியவர் ஒருவரோடு வரப்பில் உட்கார்ந்திருந்தோம். வளை வாசலில் கிடந்த மண்ணை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். "ஈரமா இருக்குது பாருங்க. ராத்திரி தள்ளின மண்ணு. உள்ளதான் இருக்குது." பிறகு எழுந்து சுற்றி வந்து, எங்கள் கண்ணுக்குத் தெரியாத நான்கு வாசல்களைக் காலால் மிதித்து அடைத்தார். ஒரு பானைக்குள் வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்து, பானையின் வாயை வளையோடு சேர்த்துப் பிடித்து, அடியிலிருந்த ஓட்டையில் வாய் வைத்து ஊதினார். நாங்கள் இரண்டு பேர் ஊதிப் பார்த்தோம். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை, இருமல்தான் வந்தது. அவர் இதை ஐம்பது வருடமாகச் செய்கிறார். உதட்டில் சுட்ட தழும்பு இருக்கிறது.

வெட்டியபோது முதலில் வந்தது எலி இல்லை, நெல். கதிர் கதிராகக் கடித்து இழுத்து வந்து ஓர் அறையில் அடுக்கி வைத்திருந்தது. அகழெலி என்று வேளாண்மைப் புத்தகங்கள் சொல்கிற எலி இது. இதன் வளையில் குட்டி போட ஓர் அறை, நெல்லுக்கு ஓர் அறை, தப்பி ஓட மெல்லிய மண்ணால் மூடிய வாசல்கள் எல்லாம் உண்டு. பயிர் பொதி கட்டிக் கதிர் தள்ளும் நேரத்தில் இது அதிகமாகக் குட்டி போடும். மல்லாட்டைக் கொல்லையிலும் இதே கதைதான். அன்றைக்கு அந்த வளையில் கிடைத்தது ஒரு முறம் நிறையக் கதிர். பிடிபட்ட எலிகளும் அந்த நெல்லும்தான் பெரியவரின் கூலி. கழனிக்காரர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இதே நெல்லை, உதிர்ந்து கிடந்ததென்று அந்தப் பெரியவர் தரையிலிருந்து பொறுக்கியிருந்தால் அதற்குப் பெயர் வேறு. எலி தின்றால் சேதாரம், இருளர் எடுத்தால் திருட்டு.

நகரத்து எலிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஏன் கழனியில் தொடங்குகிறார்கள் என்று கேட்பீர்கள். நகரத்து எலியும் பெரும்பாலும் இந்த நெல்லைத் தேடிப் போனதுதான். 1960-களில் ஜுவான் ஸ்பில்லெட் என்ற ஆய்வாளர் கல்கத்தாவின் தானியக் கிடங்குகளில் எலிகளைப் பிடித்து ஆராய்ந்தார். அங்கே சிக்கியவற்றில் பெரும்பாலானவை சாக்கடை எலியோ வீட்டு எலியோ இல்லை. நம் வரப்பில் வளை தோண்டுகிற அதே அகழெலிதான். கழனியில் அதற்குக் கதிர் தள்ளும் பருவம் ஒன்றுதான் விருந்து. கிடங்கில் வருடம் முழுக்க அறுவடை. எனவே வருடம் முழுக்கக் குட்டி.

நெல் போகிற வழியில் அடுத்து இருப்பது அரிசி ஆலை. செங்குன்றம், ஆரணி, காஞ்சிபுரம் பக்கத்து ஆலைகளில் இருளர் குடும்பங்கள் முன்பணத்துக்காகக் கொத்தடிமைகளாகக் கிடந்ததும், அதிகாரிகள் போய் மீட்டதும் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தவை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. நெல்லை அவிக்கவும் களத்தில் காயவைத்துக் கிளறவும் இராப்பகலாக ஆள் வேண்டும். அந்தக் களத்தைச் சுற்றி எலி நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். கிளறுகிற குடும்பம் சாவுக்குப் போவதென்றாலும் முதலாளியிடம் கேட்க வேண்டும், வீட்டில் ஒருவரைப் பிணையாக விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மீட்கப்பட்டு வந்தவர்கள் எங்களிடம் சொன்னது இது.

ஆலையிலிருந்து நகரம். நகரத்து எலியின் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சாக்கடை எலி நாளொன்றுக்குத் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு தின்னும். அது கிடைத்துவிட்டால் வளையிலிருந்து அதிக தூரம் போகாது. ஒரு தெருவின் ஒரு பக்கத்திலேயே வாழ்ந்து முடிகிற எலிகள் ஏராளம். இருட்டில் மீசையால் சுவரைத் தடவிக்கொண்டே ஓரமாக ஓடும். தினமும் அதே வழிதான், அதனால்தான் சுவரோரம் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்குத் தடம் விழுகிறது. எலியால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் புதிதாக எதைக் கண்டாலும் சந்தேகம். ஒரு துளி கடித்துப் பார்த்துவிட்டுக் காத்திருக்கும், உடம்புக்கு ஒத்துக்கொண்டால்தான் மறுபடி தொடும். உடனே கொல்லுகிற விஷங்கள் பல நேரம் தோற்றுப்போவதற்கும், நாள் கழித்துக் கொல்லும் வார்ஃபரின் போன்றவை 1950 வாக்கில் பரவியதற்கும் காரணம் இதுதான். சுமந்து ஈன மூன்று வாரம் போதும். பத்தைக் கொன்றால் மிச்சமிருக்கும் எலிகளுக்குச் சோறு கூடுதலாகக் கிடைக்கும், குட்டிகள் அதிகம் பிழைக்கும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் 1940-களில் டேவிட் டேவிஸ் என்பவர் இதைத் தெருத்தெருவாக எண்ணிக் காட்டினார். கொன்ற தெருவில் எலி திரும்ப வந்தது. குப்பையை அள்ளி, பொந்தை அடைத்து, வீட்டைப் பழுதுபார்த்த தெருவில்தான் குறைந்து, குறைந்தபடியே நின்றது.

அதாவது ஒரு தெருவில் எத்தனை எலி என்பது அந்தத் தெருக் குப்பையை யார், எத்தனை நாளைக்கு ஒருமுறை அள்ளுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆட்சியாளர்களுக்கு இது புரியாமல் இல்லை. ஆனாலும் எலியைக் கண்டதும் அவர்கள் கை நீட்டியது அதன் பக்கத்தில் வசித்த மனிதர்களை நோக்கித்தான்.

1896 செப்டம்பர், பம்பாய். துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் பிளேக் நோயைக் கண்டறிந்தார். மாண்ட்வி தானிய வணிகர்களின் கிடங்குகள் நிறைந்த இடம். கிடங்குகளில் எலிகள் செத்து விழுந்த பிறகே மனிதர்கள் செத்தார்கள். எலி வந்தது மூட்டைகளுக்காக. ஆனால் 1897-இல் அவசரமாக வந்த கொள்ளைநோய்ச் சட்டத்தின் கீழ்ச் சுண்ணாம்பு அடித்து, கூரையைப் பிரித்து, சாமான்களைக் கொளுத்தி, ஆட்களை முகாமுக்கு இழுத்துப்போனதில் அதிகம் சிதைந்தவை ஏழைகளின் குடியிருப்புகள். 1898-இல் தொடங்கிய பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை 'சுகாதாரக் கேடு' என்று முத்திரை குத்தி இடித்த வீடுகளுக்கு ஈடாக வீடு கட்டித் தந்தது குறைவு. அதே 1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், நோயைக் கடத்துவது எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சி என்று காட்டினார். பல ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அழுக்கான மக்களால் நோய் வருகிறது என்று சொல்வது வசதியாக இருந்தது.

அந்தப் பிளேக்கில்தான் நாம் சாவித்திரிபாய் புலேவை இழந்தோம். புனே அருகே முண்ட்வாவில் நோய் கண்ட ஒரு மகர் சிறுவனைத் தூக்கிக்கொண்டு மகன் யஷ்வந்தின் மருத்துவமனைக்கு ஓடினார். அவருக்கும் தொற்றி, 1897 மார்ச் 10 அன்று இறந்தார். பாடநூல்களில் 'பிளேக்கால் இறந்தார்' என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறார்கள். யாருடைய பிள்ளையைத் தூக்கியதால் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

கடலுக்கு அப்பாலும் இதே கதை. 1963 டிசம்பரில் நியூயார்க்கின் ஹார்லெமில் ஜெஸ்ஸி கிரே தலைமையில் வாடகை மறுப்புப் போராட்டம் நடத்திய கறுப்பின மக்கள், தங்கள் வீட்டில் பிடித்த எலிகளை நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்கள். வீட்டைப் பழுதுபார்க்காமல் வாடகை மட்டும் வாங்குவதற்கு அதுதான் சாட்சி. 1967 ஜூலையில், நகரங்களில் எலியை ஒழிக்க 4 கோடி டாலர் ஒதுக்கும் மசோதா அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது, விவாதத்துக்கு எடுக்கவே மறுத்துத் தோற்கடித்தார்கள். சிவில் உரிமை என்ற சொல்லைத் திரித்து 'சிவில் எலி மசோதா' என்று கேலி பேசி, சபையே சிரித்தது. எலி கடித்தது கறுப்பினக் குழந்தைகளை, அதனால் சிரிக்க முடிந்தது. நாடெங்கும் எதிர்ப்பு வந்த பிறகு வேறொரு சட்டத்தோடு சேர்த்து நிதி கொடுத்தார்கள்.

இனி நம் சென்னை. திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபாய் காந்தி மருத்துவமனை இருக்கிறது. ஊர் மக்களுக்கு அது கோஷா ஆஸ்பத்திரி. 2012 ஆகஸ்டில் அங்கே இறந்துபோன ஒரு பச்சைக் குழந்தையின் முகத்தை எலி கடித்திருந்த செய்தி தமிழகத்தையே உலுக்கியது. அப்போது அரசு யாரைக் கூப்பிட்டது? இருளர்களை. அரசு மருத்துவமனைகளில் எலி பிடிக்க அவர்களை வரவழைத்தார்கள். அந்த மருத்துவமனையிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருப்பது ஓமந்தூரார் அரசினர் தோட்டம். ஓமந்தூரில் பிறந்து 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமரான ஓ.பி. ராமசாமி ரெட்டியாரின் பெயரைத் தாங்கிய இடம். சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் நீக்கப்பட்டது அவர் பதவியில் இருந்த அந்த 1947-இல்தான். சட்டம் போனது. ஊரில் எங்காவது நகை காணாமல் போனால் காவல் வண்டி முதலில் போய் நிற்கிற இடம் இன்னும் மாறவில்லை. திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பேராசிரியர் பிரபா கல்விமணியும் இத்தனை வருடமாக நடத்திய வழக்குகளில் பொய்த் திருட்டு வழக்குகளே ஒரு கட்டு தேறும்.

'ஜெய் பீம்' பார்த்தவர்களுக்கு வயலில் எலி பிடிக்கும் காட்சி நினைவிருக்கும். படத்தில் ராஜாகண்ணு இருளர், 1993-இல் உண்மையில் கொல்லப்பட்ட ராஜாகண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். பல மேடைகளில் குழப்புகிறார்கள் என்பதால் இங்கே சொல்லி வைக்கிறோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இருளர் பழங்குடியினர், பட்டியல் சாதியினர் அல்லர். ஆனால் 'எலி தின்னி' என்ற வசவு பழங்குடிக்கும் தலித்துக்கும் பொதுவாகவே எறியப்படுகிறது. பீகாரில் முசகர் என்ற தலித் சமூகத்தின் பெயருக்கே எலி தின்பவர் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். அந்தச் சமூகத்திலிருந்து 2014-இல் முதலமைச்சரான ஜீதன் ராம் மாஞ்சி, ஆமாம் நான் எலி தின்றிருக்கிறேன் என்று வெளிப்படையாகவே பேசினார். நமக்கு அது பிடித்திருந்தது.

எலியால் வருகிற நோயும் ஆள் பார்த்துத்தான் வருகிறது. எலியின் சிறுநீர் கலந்த நீரில் காலில் புண்ணோடு நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் தொற்றும். அப்படி நிற்பவர் யார்? சேற்றில் நாற்று நடுகிற பெண், மழைநீர் வடிகாலை வெறுங்காலோடு தூர்வாருகிற தூய்மைப் பணியாளர். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு வீட்டில் படுக்க வேண்டாம். சாக்கடையில் வேலை செய்ததை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லக் கூச்சப்பட்டுத் தாமதித்தவர்களைப் பார்த்திருக்கிறோம். ஆரம்பத்திலேயே பிடித்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தில் குணமாகும். விட்டால் சிறுநீரகம் வரை போகும்.

இருளரின் திறமையை உலகம் மதிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பானைக்குப் பதிலாகக் கையால் சுழற்றிப் புகை விடும் இரும்புக் கருவி ஒன்றுக்கு 2003-இல் உலக வங்கியின் போட்டியில் பரிசு கிடைத்தது. 1978-இல் தொடங்கிய இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் நஞ்சு எடுத்துத் தருகிறது, நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாராவது அந்த நஞ்சை நம்பித்தான். மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்தார்கள், 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஓமந்தூர்ப் பக்கத்துப் பெரியவருக்கோ இன்னும் பானைதான், வீட்டுமனைப் பட்டாவும் இல்லை.

அவருடைய பேரன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன். சிறு வயது முழுவதும் செங்கல் சூளையில் அப்பா அம்மாவோடு இருந்துவிட்டு, விடுதியில் சேர்ந்து படித்தான். கல்லூரியில் சேரப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். விசாரணைக்கு நாங்களும் கூடப் போனோம். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். அதிகாரி தாளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து, "இருளர்னு சொல்றியே, எலி பிடிக்கத் தெரியுமா?" என்றார். பையனுக்குத் தெரியாது. சூளையிலும் விடுதியிலும் யார் சொல்லித் தந்திருப்பார்கள்? தெரியாது என்றே உண்மையைச் சொன்னான். தாத்தா வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டு உள்ளே நிறுத்தினோம். அதே கேள்வியை அவரிடமும் கேட்டார்கள். அவர் கொஞ்ச நேரம் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, கோப்புகள் அடுக்கிய பீரோவின் பின்பக்கம் கையைக் காட்டி, "அங்க ரெண்டு இருக்குதுங்க" என்றார்.

சான்றிதழ் வர இன்னும் நான்கு மாதம் ஆனது. அந்த வருடம் சேர்க்கை முடிந்துவிட்டது. அடுத்த வருடம் சேர்ந்தான், இப்போது இரண்டாம் ஆண்டு.