சன்னலுக்கு வேர் சன்னமா?

'சன்னமாகக் காற்று வருவதால் சன்னல்' என்ற விளக்கம் மேடைதோறும் கைதட்டல் வாங்குகிறது. ஜகரத்தைச் சகரமாக்கி எழுதிவிட்டு, அந்தச் சகரத்துக்கே வேர் தேடுவது என்ன ஆராய்ச்சியோ! யாழ்ப்பாணத்தார் 'யன்னல்' என்கிறார்கள். சன்னம் எந்த ஊரிலும் யன்னமாகத் திரிந்ததில்லை. ஜப்பானை யப்பான் ஆக்கிய நாக்குதான் இங்கும் வேலை செய்திருக்கிறது.

மூலம் போர்த்துகீசிய 'ஜனெலா'. மலையாளத்தில் ஜனல், சிங்களத்தில் ஜனேலய, வங்கத்தில் ஜானாலா, மலாயில் ஜெந்தேலா. கோவா (1510), மலாக்கா (1511), யாழ்ப்பாணம் (1619) என்று பறங்கியர் பிடித்த கரைகளையும் அவற்றின் அக்கம்பக்கத்தையும் ஒட்டியே இச்சொல் கிடக்கிறது. இத்தனை பேரும் நம் சன்னத்தைக் கடன் வாங்கினார்களா?

நம்மிடம் சொல் இல்லாமலா? சிலம்பில் காலதர் உண்டு. கால் காற்று, அதர் வழி. சாளரமும் அங்கேயே உண்டு. (சாளரத்தைத் தூய தமிழென்று கொண்டாடுவோர் சாலேகத்தையும் வடமொழி ஜாலகத்தையும் அருகில் வைத்துப் பார்க்கட்டும்.) மதுரைக்காஞ்சி வீடுகளுக்குப் புழைகள். காலதரும் புழையும் காற்றுக்கான துளைகள். ஜனெலாவோ, வாயிலைக் குறிக்கும் லத்தீன் 'யானுவா'வின் சிறுமை வடிவம். சிறு வாயில் என்று பொருள். கீல் வைத்துத் திறந்து மூடும் பலகைக் கதவோடு வந்த புதுப்பொருள் தன் பெயரையும் கொண்டுவந்தது என்பதே என் துணிபு. பாய்க்கும் உறிக்கும் பறங்கிப் பெயர் ஏறவில்லை. மேசைக்கும் அலமாரிக்கும் ஏறியது. திறவுகோல் இருக்கச் சாவி ஏன் என்பார்கள். பூட்டு மாறியது, சாவியும் மாறியது.

1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்துக்குப் பின் சாளரம் மீண்டும் கவிதை ஏறியது. உரைநடைக்காரர்கள் அசையவில்லை. கவிதையில் நிலவு சாளரத்தில் தெரிகிறது, சிறுகதையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெண் நிற்கிறாள். இதில் எனக்கு வழக்கில்லை. யாரும் எதையும் எழுதட்டும். கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போன கதையை நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறவர்கள், ஜனெலா இங்கு வந்ததைச் சொல்லக் கூசிப் பொய்வேர் நடுகிறார்களே, அதுதான் எரிச்சல். ஆண்டவன் போனபின்னும் அவனுக்கு நாணுவது அடிமைப் புத்தியின் மிச்சம்.

சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இச்சொல்லைப் போர்த்துகீசியம் என்று எப்போதோ குறித்துவிட்டது. யன்னலுக்கு விடை சொல்லாமல் சன்னம் பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.