இடம் இருந்தது, வழி யார் சொன்னது? தமிழ்நாட்டின் முதல் தலைமுறை மாணவர்கள் கல்லூரியை எட்டிய வரலாறு

செண்பகம் துரைராஜன் வழக்கைத் தொடாமல் தமிழ்நாட்டின் இடஒதுக்கீட்டு வரலாற்றை எழுத முடியாது. கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த வகுப்புவாரி அரசாணையை 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியதும், பெரியார் நடத்திய கிளர்ச்சியும், அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம்தரும் 15(4) பிரிவு சேர்ந்ததும் பலமுறை எழுதப்பட்டவை. ஆனால் தீர்ப்பிலேயே உள்ள ஒரு சிறு குறிப்பு பெரும்பாலும் கவனம் பெறுவதில்லை. மனுதாரரான செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாக அவருடைய பிரமாணப் பத்திரத்தில் இல்லை. விசாரித்துப் பார்த்தார்; தமக்கு இடம் கிடைக்காது என்று அறிந்தார்; நீதிமன்றம் சென்றார்.

அந்த அரசாணை 14 இடங்களில் 2 இடங்களை அன்று அரிஜனங்கள் எனப்பட்டோருக்கும், 2 இடங்களைப் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கும் வைத்திருந்தது. அந்த இடங்களுக்கு உரிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்படி விசாரித்துப் பார்க்கும் வசதி இருந்தது? யாரிடம், எந்த மாதத்தில், என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்லித்தர வீட்டில் யார் இருந்தார்கள்? தமிழ்நாட்டில் உயர்கல்வி பரவிய கதை இடங்களின் கதையாகவும் பணத்தின் கதையாகவும் எழுதப்பட்டிருக்கிறது. தகவலின் கதையாக அது அதிகம் எழுதப்படவில்லை. அரசு இடத்தை முதலில் கொடுத்தது, பணத்தை அடுத்துக் கொடுத்தது. வழி சொல்வதைத் தன் கடமையாக அது ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விடுதியும் சங்கமும்

தொடக்கத்தில் கல்லூரி என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்று பஞ்சமர் எனப்பட்ட ஒடுக்கப்பட்டோரின் கல்விக்கான அரசாணையைச் சென்னை மாகாண அரசு 1893இல் வெளியிட்டது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். இரண்டுமே எழுத்தறிவையும் தொடக்கக் கல்வியையும் இலக்காகக் கொண்டவை. சேரிப் பிள்ளை கையெழுத்துப் போடக் கற்றால் போதும் என்பதற்கு மேல் அன்றைய நிர்வாகத்தின் கற்பனை விரியவில்லை. 1919க்குப் பின் ஒடுக்கப்பட்டோர் நலன் தொழிலாளர் ஆணையரின் பொறுப்புக்கு வந்தது. பள்ளிகளோடு உதவித்தொகையும் விடுதியும் அரசின் வேலையாயின. அந்தத் துறைதான் 1949இல் அரிஜன நலத்துறை ஆகிப் பின்னர் ஆதிதிராவிடர் நலத்துறை எனப் பெயர் மாறியது.

இதே காலத்தில் வேறொரு பாதையும் உருவாகிக்கொண்டிருந்தது. விருதுநகர் நாடார்கள், வணிகர்கள் சேர்த்த மகமை என்னும் பொதுநிதியில் 1889இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். 1910இல் உருவான நாடார் மகாஜன சங்கம் மேற்படிப்புக்குச் செல்லும் பிள்ளைகளுக்குக் கடனுதவி செய்தது. கடன் கேட்டு வரும் பையனிடம் நான்கு கேள்வி கேட்கவும், இந்தப் படிப்பு வேண்டாம், அதைப் படி என்று சொல்லவும் சங்கத்தில் ஆள் இருந்தார்கள் என்பது பணத்தைவிடப் பெரிய உதவி. வணிகத் தொடர்பு ஊர் ஊராகப் பரவியிருந்த சமூகத்துக்குத் தகவலும் அதே வழியில் பரவியது. கடையும் மகமையும் இல்லாத கூலிக் குடும்பங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்களுக்கு இருந்தது விடுதி மட்டும்.

சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கோயிலுக்குள் போக முடியாத பிள்ளைகளைக் கோயில் நகரத்திலேயே தங்கவைத்துப் படிக்கச் செய்தார் அவர். 1929இல் அதே ஊரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. நந்தனார் பள்ளி மாணவனுக்குப் பல்கலைக்கழகம் என்பது கேள்விப்பட்ட சொல்லாக இல்லாமல் நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய இடமாக ஆனது. இந்த அருகாமையின் மதிப்பை அரசு விடுதிகளைத் திட்டமிட்டவர்கள் உணர்ந்திருந்தார்களா என்பது ஐயமே. அவர்களின் கணக்கில் விடுதி என்பது சோறும் பாயும். அங்கே தங்கியவர்களுக்கோ விடுதி என்பது மேல் வகுப்பு அண்ணன்மார் இருக்கும் இடம். எந்தக் கல்லூரியில் எப்போது விண்ணப்பம் தருவார்கள், உதவித்தொகைப் படிவத்தில் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், எந்தப் பேராசிரியர் மனிதர் என்பதெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பேச்சுவாக்கில் கைமாறின. 1944இல், வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் இருந்த காலத்தில், பட்டியல் சாதி மாணவர்களுக்கு மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகை தொடங்கியது. அப்படி ஒன்று இருக்கிறது என்ற செய்தியும் பல ஊர்களுக்கு விடுதிகள் வழியாகவே போயிருக்க வேண்டும்.

விடுதி இல்லாத இடத்தில் ஓர் அண்ணன் போதும். பாமாவின் 'கருக்கு' (1992) தன்வரலாற்றில், படித்து முன்னேறினால் இந்த இழிவை உதறலாம் என்று சிறுமிக்குச் சொல்பவர் மேற்படிப்புக்குச் சென்ற அவருடைய அண்ணன். அரசு ஆவணங்களில் எங்கும் பதிவாகாத வழிகாட்டி அவர். தமிழ்நாட்டின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளிடம் கேட்டால் பெரும்பாலும் இப்படி ஓர் ஆள் வருவார்: ஒரு வாத்தியார், ஒரு பாதிரியார், ஒரு கட்சிக்காரர், ஒரு தபால்காரர். அந்த ஆள் தற்செயலாகக் கிடைத்தவர் என்பதுதான் சிக்கல். கிடைக்காதவர்களின் கதை நம்மிடம் இல்லை. அவர்கள் தன்வரலாறு எழுதவில்லை.

பதினைந்து வயதில் ஒரு முடிவு

காமராசர் ஆட்சியில் (1954–1963) பள்ளிகள் பெருகியதும் மதிய உணவு வந்ததும் தெரிந்த கதை. இங்கே விரிக்கத் தேவையில்லை. அதன் விளைவாக 1960களில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த ஒரு பெருங்கூட்டம் கல்லூரி வாசலுக்கு வந்தது. அப்போது பி.யு.சி. என்னும் புகுமுக வகுப்பு கல்லூரியில் இருந்தது. அதாவது கிராமத்துப் பிள்ளை மேற்படிப்பில் முதல் அடி வைக்கவே நகரத்துக்குப் போக வேண்டும்.

1978இல் புகுமுக வகுப்பை நீக்கி மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் டூவைக் கொண்டுவந்தது, இடஒதுக்கீட்டு விகிதங்களுக்கு நிகரான மாற்றம் என்பது என் கருத்து. அது அந்த அளவு பேசப்படுவதில்லை. கல்லூரியின் முதல் படி ஊருக்கு அருகில் வந்தது. பெண் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதோடு ஒரு புதிய சுமையும் வந்தது. என்ன ஆகப்போகிறோம் என்ற முடிவு பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் மாதத்துக்கு இறங்கியது. முதல் குரூப்பா, சயின்ஸ் குரூப்பா, மூன்றாவது குரூப்பா, தொழிற்கல்விப் பிரிவா என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டும். பல இடங்களில் தேர்வு என்பதே பொய். பள்ளியில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அதுதான் குரூப். கணிதம் இல்லாத பிரிவில் சேர்ந்த பிள்ளைக்குப் பொறியியல் கதவு அன்றே மூடியது. அப்படி மூடியது அதற்குத் தெரியவந்தது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான்.

கலந்தாய்வு வாசல்

1984இல் தொழிற்படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. அதே காலத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளும் வரத் தொடங்கின. நுழைவுத் தேர்வோடு பயிற்சி மையங்கள் முளைத்தன. பயிற்சி மையம் உள்ள நகரத்துக்கும் இல்லாத ஊருக்கும் இடையே புதிய இடைவெளி விழுந்தது. கிராமப்புற மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு கொடுத்துப் பார்த்தார்கள். அது உயர்நீதிமன்றத்தில் நிற்கவில்லை. கடைசியில் கல்வியாளர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி நுழைவுத் தேர்வே 2007இல் நீக்கப்பட்டது. பொறியியலுக்கு 300க்கு இருந்த கட்-ஆஃப் 200க்கு ஆனது. நுழைவுத் தேர்வு போனதும் மதிப்பெண்ணுக்குப் பேர்போன நாமக்கல் உறைவிடப் பள்ளிகளின் மவுசு குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தும் கலை அங்கே ஏற்கெனவே கைவந்திருந்தது.

தொழிற்படிப்பு இடங்களைத் தரவரிசைப்படி ஒரே இடத்தில் ஒதுக்கிய ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு நேர்மையான ஏற்பாடு. மதிப்பெண்ணும் வகுப்பும் தரவரிசையும் வெளிப்படையாக இருந்தன. யாருடைய சிபாரிசும் தேவைப்படவில்லை. ஆனால் ஒன்றை அது எல்லோருக்கும் சமமாகத் தெரியும் என்று எடுத்துக்கொண்டது: எந்தக் கல்லூரி நல்லது என்பதை. 2010களில் மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகள் 500ஐத் தாண்டியிருந்தன. அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு இரவுப் பேருந்தில் வந்திறங்கிய அப்பாவும் பிள்ளையும் சில நிமிடங்களில் திரையைப் பார்த்து ஒரு குறியீட்டு எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாசலில் கல்லூரிகளின் துண்டுப் பிரசுரங்கள் மட்டும் ஏராளமாகக் கிடைத்தன. 2018இல் கலந்தாய்வு இணையவழிக்குப் போனபோது பயணச் செலவு மிச்சமானது. விருப்பப் பட்டியலை நிரப்பும் வேலை பிரவுசிங் சென்டர்காரர் கைக்குப் போனது. நூறாண்டுக்கு முன் விடுதி அண்ணன் செய்ததை இப்போது கட்டணத்துக்கு அவர் செய்தார். அண்ணனுக்கு இருந்த அனுபவம் அவருக்கு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒவ்வொரு உதவிக்கும் ஒரு சான்றிதழ்

குடும்பத்தில் பட்டதாரியே இல்லாத மாணவருக்கு, கலந்தாய்வு வழியே தொழிற்படிப்பில் சேர்ந்தால் கற்பிப்புக் கட்டணம் இல்லை என்ற ஆணை 2010இல் வந்தது. சாதியையும் வருமானத்தையும் மட்டும் பார்க்காமல் வீட்டில் வழி தெரிந்தவர் இல்லை என்பதையே ஒரு குறைவாக அரசு ஏற்றுக்கொண்ட முதல் பெரிய முயற்சி இது என்று சொல்லலாம். ஆனால் அந்தக் குறைக்கு ஈடாகக் கொடுத்தது பணத்தை. வழி தெரியாத வீட்டுக்கு வழி தெரியாததற்கான சான்றிதழ் வாங்க வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வழி தெரிந்திருக்க வேண்டும் என்ற நகைமுரணை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சலுகை ஒரு வீட்டில் ஒருவருக்கே. அக்கா அதைப் பெற்றுப் படித்துவிட்டால் தம்பிக்குக் கிடையாது. தம்பிக்கு இனி அக்கா வழிகாட்டுவாள் என்று ஆணையை எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். கட்டணத்தையும் அவளே கட்டுவாள் என்று நினைத்தார்களா தெரியவில்லை. அதே 2010இல்தான் நடிகர் சூர்யாவின் அகரம் அறக்கட்டளை 'விதை' திட்டத்தைத் தொடங்கியது. கட்டணத்தோடு ஆலோசனையையும் தொடர் துணையையும் சேர்த்துக் கொடுத்ததில் அது அரசுக்கு முன்னால் சென்றது.

2020ஆம் ஆண்டின் மருத்துவக் கலந்தாய்வு இந்த வரலாற்றின் எல்லா முடிச்சுகளையும் ஒரே வாரத்தில் காட்டியது. தேசிய மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் வந்தபின் அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவப் படிப்பில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியிருந்தார்கள். நீட்டுக்கு முன்பும் அந்த எண்ணிக்கை பெருமைப்படும்படி இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நீதிபதி பொ. கலையரசன் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அந்த அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 400 பிள்ளைகளுக்கு மருத்துவ, பல் மருத்துவ இடங்கள் திறந்தன. நவம்பரில் கலந்தாய்வு நடந்தபோது சிலர் தனியார் கல்லூரி இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். கட்ட வழியில்லை. கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அதற்குப் பிறகு வந்தது. சில நாள் முன்னால் வந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் திரும்பிப் போயிருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு இந்த ஒதுக்கீடு பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம் போன்றவற்றுக்கு விரிந்தபோது கட்டணம் பற்றிய குழப்பம் இல்லை.

அரசே வழி சொல்லத் தொடங்கியது

2022 இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். மார்ச் 1 அன்று திறன் வளர்ப்புக்கும் வழிகாட்டலுக்குமான 'நான் முதல்வன்', ஜூனில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கான 'கல்லூரிக் கனவு' வழிகாட்டி நிகழ்ச்சிகள், செப்டம்பர் 5 அன்று மாணவிகளுக்கு உதவித்தொகை தரும் 'புதுமைப் பெண்' என்று வரிசையாக வந்தன. புதுமைப் பெண் திட்டத்தின் பின்னணி கவனிக்கத்தக்கது. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், பெண் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருந்தால் கல்யாணத்துக்குப் பணமும் பின்னாளில் தாலிக்குத் தங்கமும் கொடுத்தது. படிப்பு முடிந்து மணமேடைக்கு வரும்போது கிடைத்த அந்தத் தொகை, இப்போது கல்லூரியில் இருக்கும்போதே மாதம் 1,000 ரூபாயாக அவள் கணக்குக்கு வருகிறது. தாலிக்குத் தங்கம் நின்றது தவறு என்று வாதிட்டவர்கள் உண்டு. ஏழை வீட்டுக் கல்யாணச் செலவு மறைந்துவிடவில்லை என்ற அவர்கள் வாதத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் எந்த வயதில், யாருடைய பெயரில் பணம் வருகிறது என்பது வீட்டில் நடக்கும் பேச்சையே மாற்றும். பையன்களுக்கான இதே போன்ற 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கியது.

என் பார்வையில் இவற்றைவிட முக்கியமானது, அதிகம் கொண்டாடப்படாத 'உயர்வுக்குப் படி' முகாம்கள். பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராத பிள்ளைகளின் பெயர்களைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்து, அவர்களைத் தேடிப் பேசி அழைத்துவருகிறார்கள். விசாரிக்கத் தெரியாதவர்களிடம் அரசே போய் விசாரிக்கிறது. இதோடு ஒப்பிட்டால், மாவட்டந்தோறும் தொடங்கிய மாதிரிப் பள்ளிகள் வேறு வகை. நன்றாகப் படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஓரிடத்தில் தங்கவைத்து ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். பழைய விடுதியின் நல்ல அம்சம் இதில் இருக்கிறது. பொறுக்கியெடுத்த பிள்ளைகள் போனபின் மீதி வகுப்பறை என்னவாகிறது என்ற கேள்வியும் இருக்கிறது.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதத்தை 47 சதவீதம் என்கிறது. நாட்டின் சராசரி 28.4. வழி சொல்லும் வேலையை அரசு கையில் எடுப்பதற்கு முன்பே இந்த உயரம் எட்டப்பட்டுவிட்டது. இடமும் பணமும் அண்ணன்மாரும் சேர்ந்து கொண்டுவந்து சேர்த்த எண் அது. மீதியுள்ளவர்களில் பலர் அண்ணன் கிடைக்காதவர்கள். அவர்களை எட்ட முகாம் உதவும்; ஆனால் முகாம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் வருகிறது. பத்தாம் வகுப்பு முடிந்த ஜூனில், கணித ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியில், இருக்கிற குரூப்பில் சேர்ந்துகொள் என்று தலைமையாசிரியர் சொல்லும்போது, வேறு பள்ளியைக் காட்டவும் அங்கே போய்வரப் பேருந்தை ஏற்பாடு செய்யவும் இன்னும் ஆள் இல்லை.