வாசலில் நிறுத்தப்பட்ட ஆறு வாசகர்கள்



சமீபத்தில் படித்த அறிவியல் புனைகதைகளையும் மாயாஜாலப் புனைகதைகளையும் பற்றி ஒவ்வொருவராகச் சொல்லி வருகிறீர்கள். என் பங்குக்கு நான் ஒரு நாவலைச் சொல்லப்போவதில்லை. இந்த மாதம் நான் படித்தது, அந்தக் கதைகளைப் படித்துப் படித்தே எழுத்தாளர்களாகிவிட்ட ஒரு கூட்டத்தின் வரலாறு. பிரெடெரிக் போல் எழுதிய தன்வரலாறு (1978) ஒன்று, டேமன் நைட் எழுதிய 'த ஃபியூச்சரியன்ஸ்' (1977) இன்னொன்று. வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவருக்குக் கை வேறு எதில் போகும்? பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1926 ஏப்ரலில் நியூயார்க்கில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் 'அமேஸிங் ஸ்டோரிஸ்' என்ற மாத இதழைத் தொடங்கினார். லக்சம்பர்க்கிலிருந்து பிழைக்க வந்தவர். வானொலி உதிரிபாகங்களைத் தபாலில் விற்ற வியாபாரி. முழுக்க அறிவியல் கதைகளுக்கென்றே ஆங்கிலத்தில் வந்த முதல் இதழ் அதுதான். அதில் வந்த கதைகளில் பாதிக்கு மேல் இன்று படிக்க முடியாது. ஆனால் அவர் செய்த ஒரு சின்னக் காரியம் பெரிய வேலை செய்தது. வாசகர் கடிதங்களுக்குக் கீழே எழுதியவரின் பெயரோடு முழு முகவரியையும் அச்சிட்டார்.

நம் பத்திரிகைகளில் 'பேனா நண்பர்கள்' பகுதியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். செவ்வாய்க்கிரகத்துக் கதை படிக்கிறாயே என்று வீட்டிலும் பள்ளியிலும் கேலிக்கு ஆளான பையன்களுக்கு, தன்னைப் போல இன்னொருவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. ஆசிரியருக்கு எழுதியதை நிறுத்தவில்லை, ஆனால் ஒருவருக்கொருவரும் எழுத ஆரம்பித்தார்கள். எந்தக் கதை நன்றாக இருக்கிறது, எதில் விஞ்ஞானம் பொய், எந்தப் பழைய இதழ் யாரிடம் இருக்கிறது என்றெல்லாம் கடிதங்கள் பறந்தன. 1930-லிருந்து கையால் உருட்டி எடுத்த சிற்றிதழ்கள் வந்தன. சைக்ளோஸ்டைலில் கேள்வித்தாள் எடுத்துக் கையெல்லாம் மையான என் தலைமுறை ஆசிரியர்களுக்கு அந்த வாசனையே மூக்கில் ஏறும்.

கெர்ன்ஸ்பேக் 1929-ல் திவாலாகி அந்த இதழை இழந்தார். பிறகு 'வொண்டர் ஸ்டோரிஸ்' நடத்தினார். 1934-ல் ஊருக்கு ஊர் கிளை உள்ள ஒரு வாசகர் சங்கத்தையும் தொடங்கினார். இதழுக்கு விற்பனை கூடும் என்ற கணக்கு அதில் இருந்தது, தப்பில்லை. ஆனால் எழுத்தாளர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில் மனிதர் மகா மோசம். லவ்கிராஃப்ட் அவரை எலி என்றே குறிப்பிட்டார்.

டொனால்ட் வோல்ஹைம் என்ற நியூயார்க் இளைஞரின் முதல் கதை 1934 ஜனவரி இதழில் வந்தது. வர வேண்டிய தொகை 10 டாலர். வரவில்லை. அவர் சும்மா இருக்கவில்லை. தன்னைப் போல ஏமாந்த மற்றவர்களைத் தேடிப் பிடித்தார், எல்லோரும் சேர்ந்து வக்கீல் வைத்து 75 டாலருக்கு வழக்கை முடித்தார்கள். பதிலுக்குச் சங்கத்திலிருந்து அவரை நீக்கினார்கள். வாசகர் வட்டத்தில் ஒருவரை வெளியே தள்ளும் வழக்கம் அவ்வளவு சீக்கிரம் ஆரம்பித்துவிட்டது.

வோல்ஹைமைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. அவர்கள்தான் ஃபியூச்சரியன்ஸ். பொருளாதார மந்தத்தில் வளர்ந்த பிள்ளைகள், சிலருக்கு கம்யூனிஸ்ட் சாய்வு. ராக்கெட் கதையைப் படித்துவிட்டு உலகம் எப்படி மாறும் என்று பேசாமல் இருப்பது என்ன வாசிப்பு என்று கேட்டார்கள். எதிர் அணி, கதை படிக்க வந்த இடத்தில் அரசியல் எதற்கு என்றது. இந்தச் சண்டையை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

1939 ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை. மன்ஹாட்டனில் கேரவன் ஹால் என்ற இடத்தில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு. 'உலக' என்ற அடைமொழி, அதே சமயம் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியிலிருந்து இரவல் வாங்கியது. சுமார் 200 பேர் வந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 18 வயது ரே பிராட்பரி, நண்பரிடம் கடன் வாங்கி பஸ்ஸிலேயே வந்து சேர்ந்தார். மாநாட்டை நடத்தியது எதிர் அணி, சாம் மாஸ்கோவிட்ஸ் தலைமையில். வாசலில் ஆறு பேரை உள்ளே விடவில்லை. வோல்ஹைம், போல், லோண்டஸ், மிஷெல், கில்லெஸ்பி, கார்ன்புளூத். இதில் சிரில் கார்ன்புளூத்துக்கு அன்றுதான் 16 வயது நிறைகிறது. பிறந்தநாளன்று வாசலோடு திருப்பி அனுப்பினார்கள்! அவர்களோடு பழகிய 19 வயது ஐசக் அசிமோவ் எப்படியோ உள்ளே போய்விட்டார்.

ஒரு பக்கக் கதையை மட்டும் சொன்னால் நான் பாடம் நடத்தியதற்கு அர்த்தமில்லை. மாஸ்கோவிட்ஸ் தரப்பில், அரங்கில் ஒளித்து வைத்திருந்த துண்டுப் பிரசுரங்கள் கையில் சிக்கின. கலாட்டா செய்ய மாட்டோம் என்று உறுதி கொடுங்கள், விடுகிறோம் என்றார்கள். இவர்கள் கொடுக்க மறுத்தார்கள். மாஸ்கோவிட்ஸும் தன் பார்வையில் 'த இம்மார்ட்டல் ஸ்டார்ம்' என்று தனியாக ஒரு வரலாறு எழுதியிருக்கிறார். போல் வாசலில் நின்றவர், நைட் பிற்பாடு அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர். மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் படிக்க வேண்டும். எல்லாம் படித்த பிறகும், 16 வயதுப் பையனைத் திருப்பி அனுப்பியதற்கு ஒரு நியாயம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் அடுத்த இரண்டே வருடத்தில் அந்த ஆறு பேரில் மூவர் இதழ் ஆசிரியர்கள். போல் 20 வயதில் இரண்டு இதழ்கள் நடத்தினார். வோல்ஹைமுக்கும் இரண்டு இதழ் கிடைத்தது, கதைக்குக் கொடுக்க மட்டும் ஒரு சல்லிக்காசு கிடையாது. 10 டாலருக்கு வக்கீல் வைத்தவர் இப்போது நண்பர்களிடம் இலவசமாகக் கதை கேட்டு வாங்கினார். அசிமோவும் ஒன்று கொடுத்தார். பிறகு, இலவசமாக எழுதினால் வேறு ஆசிரியர்கள் கோபிப்பார்கள் என்று பயந்து, பேருக்கு ஏதாவது கொடுங்கள் என்று எழுதினார். வோல்ஹைம் 5 டாலர் அனுப்பி, கூடவே குத்தலாக ஒரு கடிதமும் வைத்தார். உன் பெயரைப் போட்டுக்கொள்ளத்தான் இந்தப் பணம், பெயரில் இரண்டு சொல், ஆக ஒரு சொல்லுக்கு இரண்டரை டாலர் என்று கணக்கு. இதைப் படித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

இவரே பின்னாளில் ஏஸ் நிறுவனத்தின் பதிப்பாசிரியராக இருந்து ஃபிலிப் கே. டிக், சாமுவேல் டிலேனி, உர்சுலா லெ குவின் ஆகியோரின் முதல் நாவல்களைக் கொண்டுவந்தார். அந்த நன்றியை மறக்கக் கூடாது. அதே கையால்தான் 1965-ல் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று பாகங்களையும் ஆசிரியர் அனுமதி இல்லாமல், பாகம் 75 சென்ட் விலையில் பேப்பர்பேக்காகப் போட்டார். இங்கிலாந்தில் அச்சான தாள்களை அளவுக்கு மீறி இறக்குமதி செய்ததால் அமெரிக்காவில் காப்புரிமை இல்லை என்பது அவர் வாதம். (1992-ல் ஒரு அமெரிக்க நீதிமன்றம் காப்புரிமை உண்டு என்றே தீர்ப்பளித்தது. டோல்கீன் காலமாகி அப்போது 19 வருடம்.)

டோல்கீன் வழக்குப் போடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்து அமெரிக்க வாசகர்களுக்குப் பதில் கடிதம் எழுதும்போதெல்லாம், அந்தப் பதிப்பு என் அனுமதியோடு வந்ததல்ல என்று ஒரு வார்த்தை சேர்த்தார். அதுவே போதுமானதாக இருந்தது. கையில் காசில்லாத கல்லூரி மாணவர்கள்கூட 20 சென்ட் அதிகம் கொடுத்து, பாலன்டைன் போட்ட அனுமதி பெற்ற பதிப்பை வாங்கினார்கள், நண்பர்களையும் வாங்க வைத்தார்கள். எழுத்தாளர் அமைப்பும் குரல் கொடுத்தது. 1966-ல் ஏஸ் இறங்கி வந்து ராயல்டி கொடுத்தது, இனி அச்சிடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. எழுத்தாளனின் பணத்துக்காகத் தன் இளமையில் வோல்ஹைம் திரட்டிய அதே மாதிரி ஒரு கூட்டம், இந்த முறை அவருக்கு எதிராகத் திரண்டது.

போலும் கார்ன்புளூத்தும் சேர்ந்து எழுதிய 'த ஸ்பேஸ் மெர்ச்சன்ட்ஸ்' (1953) நாவலைக் கிடைத்தால் படியுங்கள். விளம்பரக் கம்பெனிகள் உலகை ஆளும் கதை, இன்று காலை எழுதியது போல இருக்கிறது. கார்ன்புளூத் 1958-ல், 34 வயதில் போய்விட்டார்.

போல் நெடுநாள் இருந்தார். முதுமையில் பழைய நண்பர்களையும் பழைய சண்டைகளையும் பற்றி இணையத்தில் எழுதி வந்தார். 2010-ல் மெல்போர்னில் கூடிய 68-ஆவது உலக மாநாட்டில், சிறந்த ரசிக எழுத்தாளருக்கான விருதை வாசகர்கள் வாக்களித்து அவருக்குக் கொடுத்தார்கள். வயது 90. முதல் மாநாட்டின் வாசலில் நிறுத்தப்பட்டவருக்கு, அதே மாநாட்டின் விருது. விருதின் பெயர் ஹியூகோ, அந்தச் சம்பளம் கொடுக்காத கெர்ன்ஸ்பேக்கின் பெயர்தான்.

போலின் தன்வரலாறு என்னிடம் இருக்கிறது. அட்டை கொஞ்சம் கிழிந்திருக்கும், பக்கமெல்லாம் சரியாக இருக்கிறது. வேண்டுபவர்கள் சொல்லுங்கள், தபாலில் அனுப்புகிறேன்.