முத்துப்பாரிலிருந்து நாரா வரை

வங்காலைக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி எண்டு கரை நீளுது. அந்தக் கரைக்கு வெளியே, கடலடியில் பழைய முத்துப்பார்கள் இருக்கின்றன. முத்துக்குளிப்புக் கதைகளை நாங்கள் எல்லாரும் கேட்டு வளர்ந்தனாங்கள். ஆனால் இலங்கையின் கடல் ஆராய்ச்சிக்கு இந்தப் பார்களில்தான் ஒரு முக்கியமான தொடக்கம் கிடைத்தது எண்டதை நாங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

1891க்குப் பிறகு பல வருசம் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. அரசுக்கு வருமானம் போச்சு. காரணம் தேடுவதற்காக 1902இல் லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் வந்தார். கூட வந்தவர் ஜேம்ஸ் ஹோர்னல். காலியில் ஒரு சின்ன ஆய்வுகூடம் அமைந்தது. அந்த வருசம் மார்ச்சில் பெரியபாரில் சிப்பிக் குஞ்சுகள் குவிந்து கிடந்தன. நவம்பரில் போய்ப் பார்த்தால் ஒண்டுமே இல்லை. இடையில் தென்மேற்குப் பருவக்காற்று வந்து போயிருந்தது. குஞ்சுகளைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றவேண்டும் எண்ட யோசனை இதிலிருந்துதான் வந்தது. ஒரு தரம் மட்டும் பார்த்திருந்தால், பெரியபாரை நல்ல பார் எண்டே எழுதியிருப்பார்கள்.

1905 குளிப்பில் 8 கோடிக்கும் மேல் சிப்பி எடுத்தார்கள். 1906இல் பார்களை லண்டன் கம்பனி ஒன்றுக்கு 20 வருசக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 1912இலேயே கம்பனி மூடப்பட்டது. ஹோர்னல் அக்கரைக்குப் போய், பின்னாளில் சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநரானார்.

கடல் ஆராய்ச்சி கொழும்பு நூதனசாலையோடு சேர்ந்தது. நூதனசாலை இயக்குநர் ஜோசப் பியர்சனே அரசின் கடல் உயிரியலாளரும் கூட. இப்போது கேள்வியும் மாறியது: முத்தை விட்டு, சாப்பாட்டு மீன் எங்கே கிடைக்கும் எண்டு இழுவைக் கப்பலில் தேடினார்கள். 1941இல் மீன்பிடித் திணைக்களம் தனியாக வந்ததும், ஆராய்ச்சி அதன் ஒரு பிரிவாகியது. 1981இன் 54ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி மற்றும் அபிவிருத்தி முகவரகம் உருவானது. அதுதான் நாங்கள் 'நாரா' எண்டு சொல்வது. தலைமையகம் கொழும்பு மட்டக்குளியில்.

இதே வளைகுடாவின் அக்கரையிலும் இதுதான் கதை. 1947இல் தொடங்கிய இந்தியாவின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949இல் மண்டபத்துக்கு வந்தது. 1967இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் போனது. 1971இல் தலைமையகம் கொச்சிக்கு மாறியது. மண்டபம் கிளை நிலையமாகியது.

இந்த இணைப்புகளை நாங்கள் சும்மா குறை சொல்லவில்லை. ஆராய்ச்சிக் கப்பலும் இரசாயன ஆய்வுகூடமும் சின்னப் பிரிவுகளால் தாங்கக்கூடிய செலவு இல்லை. சிப்பி, மீன், முருகைக்கல், நீரோட்டம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய நிறுவனம் வேணும். ஆனால் நிறுவனம் மாறும்போது கேள்வி மாறுது. கேள்வி மாறினால் பார்க்கப் போகும் இடமும் மாறுது. பெரியபார் சொல்லித்தந்த பாடமோ, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகவேணும் எண்டதுதான்.

வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. கடலுக்குள் முருகைக்கற்பார்கள் இருக்கின்றன. தொழிலுக்குப் போற எங்கட சனம் அவற்றை வருசம் முழுக்கப் பார்க்குது. அடுத்த முறை ஆராய்ச்சி நிறுவனங்களை மாற்றியமைக்கும் பேச்சு வந்தால், நாங்கள் ஒரு கேள்வி கேட்கவேணும்: மார்ச்சில் பார்த்த இடத்தை நவம்பரில் போய்ப் பார்க்கப்போவது யார்? அந்தக் குறிப்பை எழுதிவைக்கிற வேலையில் இந்தக் கரைப் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கவேணும்.