காதலுக்கு விதி எழுதிய கொம்பனி

முதலாளி விலைகொடுத்து வாங்குவது உழைப்பை மாத்திரமா, உழைப்பவரின் நெஞ்சத்தையுமா? இக்கேள்வி 2005ஆம் ஆண்டில் ஜேர்மனியில் நீதிமன்றம் ஏறிற்று.

அமெரிக்க வோல்மார்ட் கொம்பனி, அங்கிருந்த தன் கடைச் சிப்பந்திகளுக்கு ஓர் ஒழுக்கக் கோவையை விதித்தது. ஒருவர் மற்றவரின் வேலை நிலைமையைப் பாதிக்கக்கூடிய இடத்திலிருப்பின், அவ்விருவரும் காதலிக்கலாகாது. சேர்ந்து வெளியே செல்வதும் ஆகாது. விதி மீறுவோரைச் சக ஊழியரே தொலைபேசியிற் காட்டிக்கொடுக்கவும் வழி வகுக்கப்பட்டது. கோள் சொல்லுதலும் ஒழுக்கமாயிற்றுப் போலும்!

ஊழியர் தேர்ந்த பிரதிநிதிச் சபை வழக்காடியது. ஜூன் மாதத்தில் வுப்பர்டால் தொழில் நீதிமன்றம், அச்சபையைக் கலந்தாலோசியாது இயற்றிய பல விதிகள் செல்லா எனத் தீர்த்தது. நவம்பரில் டுசல்டோர்ப் மேல்நீதிமன்றம் இன்னும் ஆழமாகச் சென்றது. காதலைத் தடுக்கும் விதி, மனித மாண்பையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் அரசியற்சட்டத்தின் முதலிரு உறுப்புரைகளுக்கே முரணானது என்றது.

மேலதிகாரி தன் கீழ் வேலைசெய்யும் பெண்ணைப் பதவிப் பலத்தால் நெருக்கும் கொடுமையை நாம் மறக்கவில்லை. ஆயின், அங்கே கடிவாளமிட வேண்டியது அதிகாரத்துக்கே. தன் துணையின் சம்பளத்தையோ பதவியுயர்வையோ அவர் தீர்மானிக்கலாகாது. அப்பொறுப்பு வேறு கைக்கு மாறவேண்டும். இடமாற்றம் அவசியமெனில் முதலில் நகரவேண்டியவர் மேலிருப்பவரே.

தனிவாழ்வில் நிருவாகம் கைவைத்தபோதெல்லாம் விலை கொடுத்தவர் யார்? பிரித்தானிய சிவில் சேவையில், 1946இல் நீக்கப்படும்வரை இருந்த விதியின்படி, மணமுடித்த பெண் உத்தியோகத்தை விட்டு விலகவேண்டும். அதே கந்தோரில் அவளை மணந்தவனோ மறுநாளும் தன் நாற்காலியில் அமர்ந்திருக்கலாம்.