பாண் துண்டும் எரியும் பாதமும்: ஒரு நோயைக் கண்டுபிடிக்க எடுத்த காலம்



கலியாண வீட்டிலோ இப்தாரிலோ ஒருவர் ரோல்ஸை, பராட்டாவைத் தள்ளி வைத்தால் நம் ஊரில் உடனே வரும் வார்த்தை ஒன்று உண்டு: "கொஞ்சம் சாப்பிட்டா ஒண்டும் ஆகாது." அன்பில்தான் சொல்லப்படுகிறது. ஆனால் சீலியாக் நோய் உள்ளவருக்கு அந்தக் கொஞ்சமும் கூடாது. நம் பக்கம் பலர் கேள்விப்படாத இந்த நோயின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டோம் என்பதால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

இன்றைய துருக்கியில் உள்ள கப்படோசியாவைச் சேர்ந்த அரேத்தியஸ் என்ற வைத்தியர், ஏறத்தாழ 1,900 வருடங்களுக்கு முன் ஒரு வருத்தத்தைப் பற்றி எழுதி வைத்தார். சாப்பிட்டது செரிக்காமலே வெளியே போகிறது, உடம்பு மெலிகிறது, நாட்கணக்கில் நிற்காமல் தொடர்கிறது. கிரேக்க மொழியில் வயிற்றைக் குறிக்கும் 'கொய்லியா' என்ற சொல்லை வைத்து அவர் இட்ட பெயர்தான் இன்று சீலியாக் என்று வழங்குகிறது. வயிற்றில் செரிக்கும் சூடு போதாததே காரணம் என்று அவர் நினைத்தார்.

அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி. 1888இல் லண்டனில் சாமுவேல் ஜீ என்ற வைத்தியர், வயிறு ஊதி, கை கால் மெலிந்து போகும் சின்னப் பிள்ளைகளைப் பற்றி எழுதினார். இந்த நோய் குணமாகுமென்றால் அது சாப்பாட்டு முறையால்தான் ஆகும் என்று அவர் தெளிவாகச் சொன்னார். பெரிய கண்டுபிடிப்பு அது. ஆனால் எந்தச் சாப்பாடு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. சோறும் சவ்வரிசியும் வேண்டாம் என்றார். மெல்லியதாக வெட்டி நன்றாக வாட்டிய பாணைக் கொடுக்கலாம் என்றார்! ஒரு பிள்ளைக்குத் தினமும் நிறைய மட்டி கொடுத்ததில் நன்றாகத் தேறியது. மட்டிக் காலம் முடிந்ததும் பழையபடி ஆனது.

1924இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் வாழைப்பழ வைத்தியத்தைக் கொண்டு வந்தார். பிள்ளைகள் உண்மையாகவே தேறினார்கள். பெற்றோர் வாழைப்பழத்தை ஒரு மருந்தாகவே பார்த்தார்கள். ஆனால் பிள்ளையைக் காப்பாற்றியது வாழைப்பழம் இருந்தது அல்ல, பாண் இல்லாமல் போனது. அது தெரியாததால், தேறிய பிள்ளைக்குத் திரும்பவும் பாண் கொடுக்கப்பட்டது.

விடை வந்தது நெதர்லாந்திலிருந்து. ஹேக் நகரில் பிள்ளைகளுக்கான வைத்தியசாலையில் வேலை செய்த வில்லெம் கரேல் டிக்கே, 1930களிலேயே கோதுமையைச் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டார். பாணை நிறுத்தியதும் தன் பிள்ளைக்குத் தோலில் இருந்த தடிப்புக் குறைந்தது என்று ஒரு தாய் சொன்னதை அவர் கவனித்தார் என டிக்கேயின் மனைவி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பெரிய ஆய்வுகூடத்துக்கு முன்னால், ஒரு தாயின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட வைத்தியர் இருந்தார் என்பதை நாம் மறக்கக் கூடாது.

1944–45 குளிர்காலத்தில் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் கிடந்தது. மக்கள் டியூலிப் பூவின் கிழங்கைக்கூடச் சாப்பிட்டார்கள். பாண் இல்லாத அந்தக் காலம் டிக்கேயின் சந்தேகத்தை இன்னும் உறுதிப்படுத்தியது. 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வை அவர் சமர்ப்பித்தார். பிறகு வான் டி காமர், வெயர்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, கெடுதி செய்வது கோதுமையின் மாப்பொருள் அல்ல, அதில் இருக்கும் குளுட்டன் என்ற புரதம்தான் என்று காட்டினார். அரிசியும் சோளமும் இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யவில்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? சிறுகுடலின் உட்பக்கத்தில் சடைமுளைகள் இருப்பதை விஞ்ஞான பாடத்தில் படிப்பிக்கிறோம். சத்தை உறிஞ்சுவது அவைதான். சீலியாக் நோயாளியின் உடம்பில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, குளுட்டன் வந்ததும் தன் குடலையே தாக்குகிறது. சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகின்றன. என்ன சாப்பிட்டாலும் சத்து உடம்பில் சேராது. 1954இல் ஜோன் போலி என்ற ஆங்கிலேய வைத்தியர் இந்தச் சிதைவை நோயாளிகளின் குடலிலேயே கண்டு எழுதினார். ஆகவே இது நாக்கு ருசியோ பழக்கமோ அல்ல, குடலில் கண்ணால் காணக்கூடிய காயம்.

இனி நரம்புக்கு வருவோம். வயிற்று நோய்க்கும் காலில் வரும் எரிவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். வைத்திய உலகமும் அப்படித்தான் கேட்டது. 1966இல் பிரித்தானிய வைத்தியர்களான குக், ஸ்மித் இருவரும் நரம்புக் கோளாறு வந்த 16 சீலியாக் நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். 1996இல் ஷெஃபீல்டில் ஹஜிவாசிலியு என்ற நரம்பியல் நிபுணரின் குழு, காரணம் தெரியாத நரம்பு நோய் உள்ள சிலருக்குக் குளுட்டன் ஒவ்வாமை ஒளிந்திருக்கலாம் என்று காட்டியது. வயிற்றில் பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லாமலே, நடையில் தள்ளாட்டமும் கால் விறைப்பும் மட்டும் வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் பலருக்கும் புரிந்தது.

நரம்பு கெடுவதற்கு இரண்டு வழி சொல்லப்படுகிறது. ஒன்று, குடல் உறிஞ்சாததால் விற்றமின் பி12, செம்பு போன்றவை குறைவது. மற்றது, நிர்ப்பீடனத் தொகுதி நரம்பையும் சேர்த்துத் தாக்குவது. நோயாளி உணர்வது இதுதான்: பாதத்தில் நெருப்பு வைத்தது போல எரிவு, எறும்பு ஊர்வது போல விறுவிறுப்பு, இரவில் போர்வை பட்டாலே வலி. மிக மெல்லிய நரம்புகள் மட்டும் பாதிக்கப்பட்டால், மின்சாரம் பாய்ச்சிச் செய்யும் வழமையான நரம்புச் சோதனையில் எல்லாம் சரி என்றுதான் வரும், ஏனென்றால் அந்தச் சோதனை பெரிய நரம்புகளையே அளக்கிறது. ரிப்போட் சரியாக வந்தபின் "இது மனப்பிரமை" என்று வீட்டாரே சொல்லிவிட்டால், அந்த மனிதர் வலியை யாரிடம் போய்ச் சொல்வார்?

நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு தொடர்பு உண்டு. நெதர்லாந்தில் பாணை இல்லாமல் ஆக்கிய அதே யுத்தம்தான் இலங்கையில் பாணைப் பெருக்கியது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. கூப்பனுக்குக் கோதுமை மா வந்தது. யுத்தம் முடிந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. இன்று காலையில் பாண், பின்னேரம் ரோல்ஸ், இரவில் கொத்து. அரிசி மாவில் செய்ய வேண்டிய இடியப்பத்திலும் பிட்டிலும்கூடக் கோதுமை மா. பிறப்பிலேயே இந்த நோய்க்கான தன்மை உள்ள ஒருவர், கோதுமை குறைந்த வீட்டில் வாழ்வதற்கும் இப்படி வாழ்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கால் எரிவு வந்தவர்களுக்கெல்லாம் இந்த நோய் இல்லை. நம்மிடையே கால் எரிவுக்கு முதலில் பார்க்க வேண்டியது சீனி வருத்தம். வயிற்றுத் தொந்தரவு, குணமாகாத இரத்தச்சோகை, மெலிவு ஆகியவை சேர்ந்திருந்தால் வைத்தியரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். முதலில் இரத்தத்தில் பிறபொருளெதிரி சோதனை, தேவைப்பட்டால் குடலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு முன்பு தானாகக் கோதுமையை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் சோதனையில் நோய் தெரியாமல் போகலாம்.

நோய் உறுதியானால் மருந்து சாப்பாடுதான், ஆயுள் முழுவதும். குடல் மெதுவாக ஆறும். நரம்பு அதைவிட மெதுவாக. சிலருக்கு எரிவு குறையும், சிலருக்கு மிச்சம் இருக்கும். பிந்திக் கண்டுபிடித்தால் மிச்சம் கூட. அதனால்தான் நேரத்தோடு நம்புவது முக்கியம்.

நாம் செய்யக்கூடியவை சிறியவை. ஒரே சஹனில் பராட்டாவும் சோறும் கலந்து வைத்தால் அவருக்கு அந்தச் சஹனே ஆகாது. அவருக்குத் தனிக் கோப்பையில், தனிக் கரண்டியால் சோறு போட்டுக் கொடுப்பது அவரை ஒதுக்குவது ஆகாது. சோயா சோஸிலும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை இருக்கலாம், கொத்துப் போட்ட கல்லில் முட்டை பொரித்தாலும் பிரச்சினைதான். நோயாளிக்கு தல்பீனா நல்லது என்று அன்போடு கொண்டு வருவோம். அதன் சிறப்பில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் பார்லியிலும் இதே வகைப் புரதம் உண்டு. நோயாளிக்கு நோன்பையே வேறு நாளுக்குப் பிற்போட அனுமதித்த மார்க்கம் நம்முடையது. அவருக்கு ஆகாத சாப்பாட்டை நாம் கட்டாயப்படுத்தலாமா?

அரிசி மாவில் அவித்த இடியப்பம், மா கலக்காத வட்டிலப்பம், குரக்கன், மரவள்ளி எல்லாம் அவருக்கு ஆகும். அடுத்த விசேஷத்துக்கு அழைக்கும்போது, "உங்களுக்கு எது ஆகும்?" என்று முதலில் கேளுங்கள்.

அல்லாஹ் எல்லா நோயாளிகளுக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.