உருவறியாமல் ஆழமறிதல்: யூலெஸின் புள்ளிப்படங்களும் கணினிப் பார்வையும்

இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட இடங்களிலிருந்து காண்பதால் ஆழம் புலனாகிறது என்பதைச் சார்ல்ஸ் வீட்ஸ்டோன் 1838இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் நிறுவினார். இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் காட்டும் அவருடைய ஸ்டீரியோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவை கோட்டோவியங்கள். ஏனெனில் புகைப்படக்கலை அடுத்த ஆண்டில்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆழமறிதலின் வடிவகணிதம் எளிது. அருகிலுள்ள பொருள் இரு படங்களிலும் அதிகம் விலகி நிற்கும், தொலைவிலுள்ளது குறைவாக விலகும். விலகலை அளந்தால் தொலைவு கிடைத்துவிடும். ஆனால் இடப்படத்தின் ஒரு புள்ளிக்கு வலப்படத்தில் இணை எது என்று முதலில் தெரிய வேண்டுமே! ஆழமறியும் துறையின் வரலாறு பெரும்பாலும் இந்த இணைதேடலின் வரலாறுதான். அதன் திருப்புமுனை 1960இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தது என்பது என் வாதம்.

அதற்கு முன் பலர் கொண்டிருந்த எண்ணம், மூளை ஒவ்வொரு கண்ணிலும் உருவத்தை அடையாளம் கண்ட பிறகே இரண்டையும் பொருத்துகிறது என்பது. ஹங்கேரியிலிருந்து 1956இல் வெளியேறிய பொறியாளர் பேலா யூலெஸ் இதைக் கணினியின் துணையோடு சோதித்தார். ஒழுங்கேதுமின்றிச் சிதறிய கருப்பு வெள்ளைப் புள்ளிகளின் படத்தை இரண்டு படி எடுத்து, ஒன்றில் மட்டும் நடுச்சதுரத்தைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி, விழுந்த இடைவெளியைப் புதுப் புள்ளிகளால் நிரப்பினார். தனித்தனியே பார்த்தால் எதிலும் சதுரமில்லை. இரு கண்களாலும் சேர்த்துப் பார்த்தால் சதுரம் மிதந்து நிற்கிறது. அடையாளம் காண உருவமே இல்லாத இடத்தில் ஆழம் தோன்றுகிறதென்றால், உருவறிதல் அதற்கு முன்நிபந்தனையாக இருக்க முடியாது. நாற்காலி என்னவென்று தெரியாத எந்திரமும் நாற்காலியின் தொலைவைக் கணிக்கலாம் என்ற துணிவு இங்கிருந்தே வருகிறது. டேவிட் மாரும் டொமாசோ போஜியோவும் 1976இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட கணிப்பு முறை இந்தப் புள்ளிப்படங்களைத்தான் தீர்த்துக் காட்டியது. அவர்கள் வைத்த விதிகள் இரண்டே: ஒரு புள்ளிக்கு ஓர் இணைதான், பரப்பில் ஆழம் பெரும்பாலும் சீராகவே மாறும். பொருள்களின் பேச்சே இவற்றில் இல்லை.

நில அளவையாளர்கள் முந்திக்கொண்டார்களே என்று மறுக்கலாம். ஜெனாவின் ட்ஸைஸ் நிறுவனத்தில் கார்ல் புல்ஃப்ரிஷ் 1901இலேயே இரட்டைப் படங்களை அளக்கும் கருவி செய்தார். ஆனால் அதில் இணை கண்டது மனிதக் கண். 1950களின் பிற்பகுதியில் கனடாவின் கில்பர்ட் ஹோப்ரோ வான்படங்களை மின்னணுவியலால் பொருத்தியது வலுவான எதிர்ச்சான்று. அவர் கருவி இணைதேடியது. ஆனால் அது ஏன் இயலும் என்ற கேள்விக்குச் சோதனை வடிவம் தந்தவர் யூலெஸ்.

இன்றைய நரம்பு வலைகள் உருவறிவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டன என்பது இன்னும் கூர்மையான மறுப்பு. ஆனால் யூரே ஜ்பொன்டாரும் யான் லெக்குனும் 2015இல் காட்டிய வலை ஒப்பிட்டவை சிறு சதுரத் துண்டுகளே. விடையைச் சீராக்க ஹிர்ஷ்முல்லர் 2005இல் தந்த முறையையே நாடினார்கள். பிற்பாடு வந்த வலைகள் படம் முழுவதையும் கருதுவது உண்மை. ஆனால் யூலெஸ் காட்டியது உருவறிவு இன்றியமையாததல்ல என்பதை மட்டுமே, பயனற்றது என்றல்ல. அவர் படங்களில் எங்கும் புள்ளிகள் இருந்தன, வெள்ளைச் சுவரில் பொருத்த எதுவுமில்லை. 2010இல் வந்த கினெக்ட் கருவி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுதும் தெளித்து அந்தக் குறையை நிரப்பியது. கண்ணாடிக் கதவிலும் நேர்வெயிலிலும் அப்புள்ளிகள் தொலைந்துபோகின்றன; வலைகளின் உருவறிவுக்கு அங்கே வேலை இருக்கிறது.